நெல் வியாபாரி கதையின் கடைசிப் பக்கம்

பேராசையைப் பற்றிய புத்தகங்கள் மட்டும் என் அலமாரியில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. பேராசை பிடித்த ராஜா, பேராசை பிடித்த ஜமீன்தார், பேராசை பிடித்த மருமகள், காட்டையே விழுங்கப் பார்த்த மரக் கான்ட்ராக்டர் என்று எல்லாரும் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். அலமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி என்னிடம். யாருக்கும் இரவல் கிடையாது. ஒருநாள் வீடு கூட்டிக்கொண்டிருந்த என் மனைவி துடைப்பத்தை அலமாரியில் சாய்த்துவிட்டு, "பேராசப்படாதேன்னு சொல்றதுக்கு ஒரு மனுசனுக்கு எத்தன புத்தகங்க வேணும்?" என்று கேட்டாள். துடைப்பத்தை முதலில் அங்கிருந்து எடு என்றேன். உறையில் கீறல் விழுந்துவிடும்.

நான் எழுத்தாளன் இல்லை, வாத்தியாரும் இல்லை. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் மண்டோர். பறித்து வரும் கொழுந்தைப் பரப்பி வாட வைக்கிற மாடியில் பத்துப் பேரை ஏவிக்கொண்டிருப்பது என் வேலை. பத்துப் பேரில் ஏழு பேர் வங்காளதேசத்துக்காரர்கள். என் தமிழ் அவர்களுக்குப் புரியாது என்பதால் அங்கே சுருக்கமாகத்தான் பேசுவேன். மிச்சப் பேச்சையெல்லாம் மேடைக்கு எடுத்து வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு, கோயில் திருவிழா, மாதர் பிரிவுக் கூட்டம் என்று எங்கே மைக் இருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் நானே போய் மைக்குக்குப் பக்கத்தில் நிற்பேன், பாவம் என்று கொடுத்துவிடுவார்கள். தலைப்பு எப்போதும் ஒன்றுதான். பேராசை.

நன்றாகப் பேசுவேன் என்றுதான் நினைப்பு. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள் சேறு புகுந்த கதையைச் சொல்லி, மலையை வழித்துத் தோட்டம் போட்ட பேராசையை ஒரு பிடி பிடிப்பேன். கூட்டம் உச்சுக்கொட்டும். ஒரு தடவை திரிங்காப்பில் பேசக் கூப்பிட்டார்கள். விழா நடத்தியவரே மலையை வழித்துத் தோட்டம் போட்டவர் என்பது மேடை ஏறும்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு என் உரையில் மலையும் வரவில்லை, சேறும் வரவில்லை. ராஜாக்களோடு நிறுத்திக்கொண்டேன். வரும்போது இரண்டு மூட்டை முட்டைக்கோஸ் ஏற்றிவிட்டார். ஒரு மாதம் அதையே தின்றோம்.

பேராசைக் கதைகளைப் பற்றி எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. எந்தக் கதையானாலும் நடுவில் ஒரு தடவை யாராவது வந்து பேராசைக்காரனுக்கு வழி சொல்வார்கள். வேலைக்காரியோ, குழந்தையோ, கட்டியவளோ, யாரோ ஒருவர். அவன் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான். போட்டுக்கொண்டால் கதை பாதியிலேயே முடிந்துவிடும், புத்தகம் போட்டவன் தலையில் துண்டுதான். மேடையில் இந்த இடம் வரும்போது பேச்சை நிறுத்திக் கூட்டத்தை மெதுவாக ஒரு சுற்றுப் பார்ப்பேன். "நாம் கேட்கிறோமா?" என்பேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். வீட்டில் என் மனைவி சொல்லி நான் எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் லோரி ஓட்டுநர். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போவார், திரும்பும்போது பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றாவது வாங்கி வருவார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் கணவர் படிப்பார், அக்கா கேட்பார். சாயங்காலத்தில் காய் நறுக்கிக்கொண்டே அக்கா "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்பது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. மாலையும் இல்லாமல் மைக்கும் இல்லாமல் ஒரு லோரிக்காரர் இவ்வளவு நன்றாகப் படிக்கிறாரே என்ற வயிற்றெரிச்சல்தான், வேறென்ன?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மனிதர் லோரியை விட்டு இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய புத்தகங்களை அக்கா ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூலையில் வைத்தார். துக்கம் கேட்கப் போன நான் அக்காவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே அந்தப் பெட்டியைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எதற்குப் போனாலும் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும்.

போன வருஷம் அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு ஜொகூரிலிருக்கும் மகன் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. தோட்டத்து வீடு வேலையில் இருப்பவர்களுக்குத்தான். ஓய்வு பெற்ற பிறகும் நிர்வாகம் சில காலம் விட்டுவைத்திருந்தது, இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் லயத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. வீடு காலி செய்கிறவர் போவதற்கு முன்னால் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமானைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பார். அம்மி வேண்டுமென்றால் அம்மி, பூந்தொட்டி வேண்டுமென்றால் பூந்தொட்டி. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். இரண்டாவதாக ஒரு கரண்டி கேட்டாலும் லயமே ஒரு மாதிரி பார்க்கும். போனவருடைய ஞாபகம் எல்லா வீட்டிலும் கொஞ்சம் கிடக்கட்டும் என்பதற்காகப் பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. இப்போது லயத்தில் பாதி வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். அவர்களும் இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு வாசலில் எல்லாரும் நின்றோம். எங்கள் வீட்டுக்கு என்ன கேட்பதென்று என் மனைவி ஒரு மாதத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள். அக்காவின் இட்லிச் சட்டி. கனமான பித்தளைச் சட்டி, அதில் அவித்த இட்லியை லயமே தின்றிருக்கிறது. எங்கள் முறை வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "அந்தப் பெட்டிக்கா" என்றேன்.

"எந்தப் பெட்டி? புத்தகப் பெட்டியா?" என்றாள் கடைசி வீட்டுப் பெண். "அதுல அம்பது புத்தகத்துக்கு மேல இருக்கும்லா. அது எப்படி ஒரு சாமானாவும்?"

"பெட்டி ஒன்னுதான?" என்றேன். "ஒரு பெட்டி, ஒரு சாமான். உள்ளாற என்ன இருக்குன்னு எண்ணிப் பாக்கணும்னு எவனாச்சும் வழக்கம் வச்சிருக்கானா?"

ரைஸ் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற வங்காளதேசத்துப் பையன்கூடச் சிரித்தான். தமிழ் தெரியாதவனுக்கே விளங்கிவிட்டது. என் மனைவி இட்லிச் சட்டியை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தச் சட்டி கடைசி வீட்டுக்குப் போனது.

அக்கா பெட்டியை வாசலுக்கு இழுத்து வந்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "எடுத்துக்க தம்பி. ஒரே ஒரு ஒதவி பண்ணு. இதுல நெல்லு வியாபாரி கதைன்னு ஒன்னு இருக்கும். அவரு அத எனக்குப் படிச்சு முடிக்கல. அதுல கடைசிப் பக்கத்த மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டிடு. வெள்ளிக்கெழம கெளம்பறேன், அதுக்குள்ள வந்தா போதும்." இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கென்னக்கா, இன்னிக்குச் சாங்காலமே வந்து படிக்கறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பெட்டியைத் தூக்கும்போது இடுப்பில் ஒரு பிடிப்பு விழுந்தது. அதுகூட அன்று எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மேலிருந்து மூன்றாவதாகவே இருந்தது அது. இந்தக் கதையைப் பற்றிக் காதால் கேட்டிருக்கிறேனே தவிர புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஈப்போவிலும் பினாங்கிலும் தேடாத பழைய கடை இல்லை. இப்போது யாரும் அச்சிடுவதில்லை. அட்டை கிழியாமல், ஒரு தாள் குறையாமல், முழுசாக என் மடியில் கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் படித்தேன்.

கதை இதுதான். பஞ்ச காலம். ஒரு நெல் வியாபாரி வீடு முழுக்க நெல்லைக் கொட்டி நிரப்புகிறான். கூடத்தில் நெல், அறையில் நெல், பிள்ளைகள் படுக்க இடமில்லை. ஊர் பசியில் சாகிறது, அவன் இன்னும் விலை ஏறட்டும் என்று பூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி பின்சுவரில் ஒரு செங்கல்லை உருவிவிட்டு, வந்து நிற்கிற பெண்களின் முந்தானையில் நெல்லைத் தள்ளிவிடுகிறாள். பிறகு செங்கல்லைத் திரும்ப வைத்து மண்ணைப் பூசிவிடுகிறாள். இப்படியே மாதக்கணக்கில் நடக்கிறது. விலை உச்சிக்குப் போன நாளில் வியாபாரி சாவிக்கொத்தோடு வந்து பூட்டில் கை வைக்கிறான். அந்தப் பக்கத்தில் ஒரு பழைய டோல் ரசீது செருகியிருந்தது. அக்காவின் கணவர் அதுவரைக்கும்தான் படித்துக் காட்டியிருக்கிறார்.

அப்போதே எழுந்து நாலு வீடு நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. புத்தகம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்ப்பார். பார்த்தால் கண் கலங்கும். கண் கலங்கினால், இது ஒன்று மட்டும் என்னிடம் இருக்கட்டும் தம்பி என்பார். அப்போது நான் எப்படி மாட்டேன் என்பது? அக்கா கிளம்பட்டும், பிறகு போனில் படித்துக்காட்டிவிடலாம், கதையும் அவருக்குக் கிடைத்தமாதிரி, புத்தகமும் எனக்கு நின்றமாதிரி என்று ஒரு அருமையான திட்டம் போட்டேன். என் மூளை இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

திட்டம் போட்ட கையோடு புத்தகத்தைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அந்த மனிதருக்கு எது கையில் கிடைத்தாலும் அதில் சரக்குக் குறிப்பு எழுதுகிற பழக்கம். முதல் பக்கத்திலேயே முட்டைக்கோஸ் இத்தனை கூடை, தக்காளி இத்தனை கூடை என்று பென்சிலால் கிறுக்கியிருந்தது. நடுவில் யாருடைய போன் நம்பரோ கிடந்தது. மகளின் அழிப்பானை எடுத்துக்கொண்டு, டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்க, முன் அட்டையிலிருந்து ஒவ்வொரு பக்கமாக அழித்துக்கொண்டே வந்தேன். 'முற்றும்' போட்ட பக்கத்துக்கு எதிரே ஒரு வெற்றுத்தாள். அது முழுக்கப் பென்சில் எழுத்து. பெரிய லோடு போலிருக்கிறது என்று நினைத்து அதையும் அழித்தேன். அழுத்தி எழுதியிருந்தார், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்து, தூர நின்று பார்த்தேன். புதுப் புத்தகம் கெட்டது போங்கள்.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்து வாசலில் நின்றார். "கெடச்சுதா தம்பி?"

"இல்லக்கா. அடியில கெடக்கும் போல. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அக்கா நின்ற இடத்திலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தால் அலமாரி தெரியும். படிக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால் புத்தகத்தின் முதுகில் இருந்த பெயரையே படித்திருப்பார். அடுப்படியில் என் மனைவி சட்டியைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

வியாழக்கிழமை மறுபடி வந்தார். அரைத்து வைத்திருந்த மிளகாய்த்தூளில் மிச்சமிருந்ததை ஒரு டப்பாவில் போட்டு என் மனைவிக்குக் கொண்டுவந்திருந்தார். "இப்பவும் கெடைக்கலியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "சரி, அவசரம் இல்ல. கெடச்சா போன்லயாச்சும் படிச்சுக் காட்டு. மறந்துறாத தம்பி" என்றார். வெள்ளிக்கிழமை காலை மகன் வேன் கொண்டுவந்தான். சாமான்களை ஏற்றிவிட்டுப் போகும்போது வேன் கண்ணாடி வழியாக எனக்குத்தான் கையாட்டினார். அவர் நிர்வாகத்துக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு மலை இறங்கிப் போவதைப் பார்த்து லயமே அழுதது. நானும் அழுதேன். அது பொய்யழுகை இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

அடுத்த மூன்று மாதத்தில் நெல் வியாபாரியை நான்கு மேடைகளில் ஏற்றினேன். கதை அப்படி எடுபட்டது. அவன் பூட்டைத் திறக்கிற இடத்தில் குரலை இறக்கி, சாவி திரும்புகிற சத்தத்தை நாக்கால் செய்து காட்டுவேன். உள்ளே முன்பக்கம் மட்டும் நெல் சுவராக நிற்கும், பின்னால் எல்லாம் வெறும் பொந்து. என் நெல் எங்கே என்று அவன் உள்ளே பாய்வான். நெல் சுவர் சரிந்து அவனை மூடிவிடும். அதற்குப் பிறகு நூலாசிரியர் அரைப் பக்கத்துக்கு நீதி சொல்லியிருக்கிறார், நான் அதை அரைமணி நேரமாக இழுத்துவிடுவேன். இதற்கிடையில் அக்கா இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் தொழிற்சாலையில் மெஷின் சத்தம், எடுக்க முடியவில்லை. மெஷின் நின்ற பிறகு ஏன் திருப்பிக் கூப்பிடவில்லை என்று கேட்காதீர்கள்.

நாலாவது மேடை தானா ராத்தாவில். அன்றைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் முடிந்து எதிரே இருந்த முஸ்லிம் கடையில் தேத்தண்ணி குடித்தபோது கடைக்காரர்கூட, "இன்னிக்குக் கொன்னுட்டீங்க அண்ணே" என்றார். நான் தரையில் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஊருக்கே சொல்லி முடிச்சாச்சு" என்றாள் என் மனைவி. "கேட்ட அக்காவுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லணும். இந்த வாரம்..."

"இந்த வாரம் என்ன, இப்பவே சொல்லுங்க." அவளே போனை எடுத்து நம்பரைப் போட்டு, மணி அடிக்க ஆரம்பித்ததும் என் கையில் திணித்தாள். பிறகு அலமாரிக்கு முன்னால் வந்து கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அக்கா, நான்தான். அந்தப் புத்தகம் இப்பத்தான்க்கா கெடச்சுது" என்றேன்.

"கெடச்சிருச்சா!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் என்னை ஒரு ஆட்டு ஆட்டியது. "இரு தம்பி, இரு. டிவிய அடக்குடா செல்லம், பாட்டி பேசறேன். ஹ்ம், படி."

படித்தேன். மேடைக் குரலில்தான் வந்தது, அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை. சாவி சத்தம்கூடச் செய்தேன். நெல் சரிந்தது, வியாபாரி செத்தான், அரைப் பக்க நீதியும் படித்து, "முற்றும்" என்றேன். கைதட்டல் வருகிற இடம்.

"அப்புறம்?" என்றார் அக்கா.

"அவ்ளோதான்க்கா. முடிஞ்சுபோச்சு."

"அந்தப் பொம்பள? செங்கல்ல எடுத்தவ? அவ மாட்டிக்கிட்டாளா, தப்பிச்சாளா?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்னால் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் பூட்டில் கை வைத்த பிறகு எழுதியவர் அவளை மறந்தே போயிருக்கிறார். நான் இந்தக் கதையை நான்கு ஊரில் சொல்லியிருக்கிறேன். பேராசைக் கதைகளில் கரைகண்டவன் நான், எனக்கும் அவள் ஞாபகம் வரவில்லை. வியாபாரி செத்தானா என்பதிலேயே என் கண் இருந்திருக்கிறது.

"இல்லக்கா. அவளப் பத்தி ஒன்னும் போடல" என்றேன்.

"அதான் தெரியுமே" என்றார் அக்கா. "அவரும் அதத்தான் சொன்னாரு. அவரு முன்னாலயே படிச்சிட்டாரு. நான் தெனம் கேக்கறேன், அவளுக்கு என்னா ஆச்சு, அவளுக்கு என்னா ஆச்சுன்னு. இவரு நாளைக்கு நாளைக்குன்னு இழுத்துக்கிட்டே இருந்தாரு. கடைசியில, இந்தாளு அவள அம்போன்னு உட்டுட்டான், இரு நானே எழுதறேன்னு சொன்னாரு. லோரியிலயே ஒக்காந்து எழுதுனாரு தம்பி, பென்சில்ல, கடைசிப் பக்கத்துல. எழுதிட்டேன், நாளைக்கு ஞாயித்துக்கெழம சாவகாசமா படிச்சுக் காட்டறேன்னு போன் பண்ணி சொன்னாரு. அன்னிக்குத்தான் லோரி உட்டு எறங்கும்போது..." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு வருசம் அந்தப் பெட்டியத் தொறக்கவே மனசு வரல. அப்புறம் யாருகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றது? அன்னிக்கு ஆளுங்க முன்னால சொல்ல வெக்கமா போச்சு. நீ படிச்சவன், நீ படிச்சா நல்லாருக்கும்னு நெனச்சேன். அதப் படி தம்பி."

வெற்றுத்தாளைத் திருப்பினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். அழுத்தி எழுதிய தடம் இருக்கிறது. ஒரு இடத்தில் 'அவள்' என்பது போல இருந்தது, இன்னொரு இடத்தில் ஒரு 'கா'. மற்றதெல்லாம் நான் அவ்வளவு பொறுப்பாக, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் தேய்த்து எடுத்திருந்தேன். என் மனைவிக்கு இன்னும் விஷயம் தெரியாது, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு ஒன்னும் ஆகலேன்னு எழுதியிருக்காருக்கா" என்றேன். "தப்பிச்சிட்டா. நல்லா இருந்தா."

"எனக்குத் தெரியும், அப்படித்தான் எழுதியிருப்பாரு." அக்கா சிரித்தார். "நீ சொல்லாத. அவரு எழுதுனத அப்படியே படி."

மேடையில் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே வந்ததில்லை. அந்த மனிதர் எழுதுவது போல ஒரு வரி இட்டுக்கட்ட முடியாதா என்று பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"அழிச்சிட்டேன்க்கா" என்றேன்.

"என்னாது?"

"பென்சில் எழுத்து. ரப்பர் வச்சு அழிச்சிட்டேன். காய்கறிக் குறிப்புன்னு நெனச்சேன். புத்தகம் சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

ஜொகூரில் பேரப்பிள்ளை ஏதோ கேட்டு அடம்பிடிக்கிற சத்தம் வந்தது. என் மனைவி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"படிக்காமயா?" என்றார் அக்கா.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். எழுத்து தெரிந்த ஒருவன் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்காமலேயே அழிப்பான் என்பது அவருக்கு விளங்கவேயில்லை. பிறகு அவரே சொன்னார்:

"சரி தம்பி. புத்தகம் உனக்குப் புடிச்சிருக்கு, நீயே வச்சுக்க. அந்த ஒத்தத் தாள மட்டும் கிழிச்சு எனக்கு அனுப்பிடறியா?"

இங்கே நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. யோசித்தேன். ஒரு தாள் குறைந்தால் அது முழுப் பிரதி ஆகாதே என்று யோசித்தேன். ஒரு எழுத்தும் இல்லாத தாள் அது, எழுத்தை அழித்தவனே நான்தான், அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போனது. இரண்டு நொடி இருக்கும். போனின் அந்தப் பக்கம் அக்கா காத்துக்கொண்டிருந்தார். என் மனைவி எழுந்து போனைப் பிடுங்கி, "முழுப் புத்தகமும் வரும்க்கா, நாளைக்கே அனுப்பறோம்" என்றாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. நானும் என்னோடு பேசாமல் இருக்க வழி இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் லீவு போட்டுத் தானா ராத்தாவுக்குப் போய்ப் பார்சலை அனுப்பினேன். இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அக்கா கூப்பிடவில்லை. எனக்குக் கூப்பிடத் தைரியம் இல்லை. மூன்று வாரம் கழித்து அவருடைய மகன் கூப்பிட்டான்.

"அங்கிள், ஒன்னு கேக்கணும். நீங்க அனுப்புன புத்தகத்துல கடைசியா ஒரு வெறுந்தாள் இருக்குல்ல? அம்மா தெனம் காலையில அத ஜன்னல்கிட்ட கொண்டுபோயி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கிட்டே நிக்கறாங்க. வெரலால தடவித் தடவிப் பாக்கறாங்க. அம்மாவுக்குத்தான் படிக்கவே தெரியாதே. கேட்டா, உங்கப்பா எழுதுனதுங்கறாங்க. எனக்கு ஒன்னுமே தெரியல, நான் பாத்தா வெள்ளத்தாளாத்தான் இருக்கு. அதுல என்னா அங்கிள் எழுதியிருந்துச்சு?"

"தெரியாதுப்பா" என்றேன். "நான் படிக்கல."